அவர்கள் 'கண்டுபிடிக்கும்' கோலாலம்பூர். நாம் பால் வெட்டிய கோலாலம்பூர்



கோலா சுங்கை பாரு, மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத்தில் கே.எல்-லுக்குப் பிள்ளையை வேலைக்கு அனுப்பாத தமிழ்க் குடும்பம் எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். கித்தாக்காடு செம்பனைக் காடாக மாறியது. செம்பனைக்கு ஆள் குறைவாகத்தான் தேவை. அந்தக் கொஞ்ச வேலைக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்தார்கள். லயத்து வீடுகள் காலியாயின. நம் பிள்ளைகள் லாரி ஓட்டவும், ஜாகா வேலை பார்க்கவும், பேரங்காடியில் சாமான் அடுக்கவும் தலைநகருக்குப் பஸ் ஏறினார்கள்.

போன ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும் மொழி கண்டோனீஸ். பூடுவிலும் செராசிலும் பெட்டாலிங் ஸ்ட்ரீட்டிலும் சந்தையில் பேசும் மொழி அதுதானே! 'கெய் தோ சின்' என்று விலை கேட்கிறான். 'சிக் ஃபான்' என்று முதலாளி கூப்பிட்டால் சாப்பாட்டுக்கு உட்காருகிறான். வான்தான் மீ எந்தக் கடையில் நன்றாக இருக்கும், யோங் தாவ் ஃபூ எங்கே மலிவு என்று தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நமக்கே சொல்லிக் கொடுக்கிறான்.

இதில் தவறு ஒன்றுமில்லை. பக்கத்து மனிதனின் மொழியைப் பேசுவதும் அவன் சோற்றை உண்பதும் நல்ல பழக்கம். தோட்டத்தில் சீனக் கடைக்காரரிடம் கணக்கு எழுதிச் சாமான் வாங்கி வளர்ந்தவர்கள் நாம். அவரும் தோட்டத்துத் தமிழை நம்மைப்போலவே பேசினார்.

கேள்வி இதுதான். கே.எல்-லை 'உள்ளூர்க்காரர் போலச் சுற்றிப் பாருங்கள்' என்று இன்று கூவிக் கூவி விற்கிறார்கள். தெருவோரச் சாப்பாடு, கோயில் திருவிழா, காலையில் காட்டுப் பாதையில் நடை என்று வெளிநாட்டுக்காரனுக்கும் பணக்காரத் தாமான்காரனுக்கும் நகரத்தைக் 'கண்டுபிடித்து'க் கொடுக்கிறார்கள். அந்தக் கதையில் தமிழ்த் தொழிலாளி எங்கே? இந்த மூன்றிலும் அவன் வியர்வை இருக்கிறது. அவன் பெயர் எங்கே போனது?

மரவள்ளிக் கிழங்கின் பாதிக் கதை

பெட்டாலிங் ஸ்ட்ரீட்டுக்குக் கண்டோனீஸ்காரர்கள் வைத்த பெயர் 'சீ சியோங் காய்'. மாவு ஆலைத் தெரு என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் கப்பித்தான் யாப் ஆ லோய் அங்கே மரவள்ளிக் கிழங்கு மாவு ஆலை நடத்தினார். அந்தத் தெருவைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் இதைச் சொல்கிறார்கள். நல்ல செய்தி, சொல்லட்டும்.

ஆனால் மரவள்ளிக்கு இன்னொரு பாதிக் கதை உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாமல் தோட்டத்து மக்கள் எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள்? லயத்துக்குப் பின்னால் நட்ட அதே மரவள்ளியைத்தான்! ஆண்களை சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு, தாய்மார்கள் கிழங்கை அவித்தும், காயவைத்து இடித்து ரொட்டி தட்டியும் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். இன்றும் கிழங்கு அவித்தால் நம் பாட்டிமார் சும்மா சாப்பிடமாட்டார்கள். ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள். அந்தக் கதையை யார் எழுதி வைத்தார்கள்? எந்தத் தெருவுக்கு அந்தப் பெயர் வந்தது?

ரொட்டி சானாயையும் தே தாரேவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக்கோடு ரொட்டி சானாயும் தே தாரேவும் அதில் இடம் பெற்றன. தமிழ் முஸ்லிம்களும் மற்ற இந்தியர்களும் நெருப்பின் முன்னால் நின்று தட்டித் தட்டி வளர்த்த உணவு நாட்டுக்குப் பெருமை தேடிக் கொடுத்தது. மகிழ்ச்சி! ஆனால் காலை 4 மணிக்கு மாவு பிசைந்து, வடையும் தோசையும் புட்டு மாயமும் ஒட்டுக்கடையில் விற்கிற அக்காவைக் கேளுங்கள். லைசென்ஸ் இல்லை என்று தள்ளுவண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்களோ என்று பயந்து பயந்து விற்கிறார். உணவுக்கு மாலை, சமைத்தவளுக்குச் சம்மனா?

கண்டோனீஸ் பேசும் இன்னொரு நகரம் ஈப்போ. அங்கே போகிறவர்கள் கோழியும் அவரைமுளையும் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது புந்தோங்கில் கச்சாங் பூத்தே வாங்காமல் வருவதில்லை. முறுக்கும் கடலையும் பட்டாணியும் தமிழ்க் குடும்பங்கள் வீட்டிலேயே வறுத்து, தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வியாபாரம் அது. தாங்களே பொட்டலம் கட்டி, தாங்களே விற்று, அந்த இடத்துக்கே கம்போங் கச்சாங் பூத்தே என்று பெயர் வரவழைத்தார்கள். அமைச்சர் யாரும் வந்து வைத்த பெயரல்ல. நாம் ஒன்றாக நின்றால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

சிங்கத்துக்குக் கம்பம், உறுமிக்குச் சந்தேகம்

கே.எல். ஜாலான் துன் எச்.எஸ். லீயில் போய்ப் பாருங்கள். 1873-ல் தோன்றிய நம் மகா மாரியம்மன் கோயில் அங்கே இருக்கிறது. அதே தெருவில், கூப்பிடு தூரத்தில், கண்டோனீஸ் சங்கத்தார் 1888-ல் கட்டிய குவான் டி கோயில் இருக்கிறது. இங்கே ஊதுபத்தி, அங்கேயும் ஊதுபத்தி. இங்கே பூ விற்கும் தமிழம்மாளிடம் சீன அம்மாள் மாலை வாங்கிக்கொண்டு அம்மனுக்குப் போடுகிறார். தைப்பூசத்தில் பத்துமலைக்குக் காவடி எடுக்கும் சீனர்களை நாம் பார்த்ததில்லையா? ஏழை மக்களுக்குள் சண்டை இல்லை. சண்டை மூட்டுகிறவர்கள் வேறு.

சீனர்களிடம் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 1971-ல் தேசியப் பண்பாட்டுக் கொள்கை வந்த பிறகு, சிங்க நடனம் இந்த நாட்டுப் பண்பாடா என்று மேலிடத்தில் கேள்வி எழுந்தது. ஆடுவதற்கு அனுமதி வாங்குவதே பெரும் பாடாக இருந்த காலம் அது. அவர்கள் என்ன செய்தார்கள்? வெட்கப்பட்டு மூட்டை கட்டி வைத்தார்களா? இல்லை! சங்கம் சங்கமாகப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், உயரக் கம்பங்களின் மேல் தாவி ஆடும் புது வகையை வளர்த்தார்கள், உலகப் போட்டிகளில் ஜெயித்தார்கள். 2007-ல் அதே கம்பச் சிங்க நடனம் தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. நேற்று சந்தேகம், இன்று மரியாதை. நடுவில் இருந்தது மக்களின் பிடிவாதம்.

இப்போது நம் உறுமியைப் பார்ப்போம். தோட்டத்துத் திருவிழாவில் உறுமி இல்லாமல் சாமி வருமா? தீமிதிக்குக் குழி வெட்டிய இடத்தில் நின்று அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் நகரத்துக்குப் போனதும் நம்மவர்களே என்ன சொல்கிறோம்? 'உறுமி அடிக்கிறவன் கேங்குக்காரன்', 'படிக்காத பசங்க வேலை' என்கிறோம். முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் படையல் போடுவதைப் படித்த பிள்ளையிடம் மறைக்கிறோம். சில இளைஞர்கள் தவறான வழியில் போகிறார்கள் என்பது உண்மைதான். அதற்குத் தீர்வு மேளத்தைப் பிடுங்குவதா? மேளத்தைக் கையில் கொடுத்து, ஆசானை வைத்து, சீருடை தைத்துக் கொடுத்து, மேடை ஏற்றுவதா? சிங்கத்துக்குப் பின்னால் ஒரு சங்கம் நிற்கிறது. உறுமிக்குப் பின்னால் யார் நிற்கிறோம்?

காட்டுப் பாதை என்கிறார்கள். அது நம் நிரை

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

கே.எல்-லில் வார இறுதியில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் கூட்டம் கூடும் இடம் புக்கிட் கியாரா. பச்சைப் பசேல் என்ற குன்று. நிழல் தரும் மரங்கள். 'நகரத்தின் நுரையீரல்' என்று புகழ்கிறார்கள். அங்கே போகிற நம் பிள்ளைகளே, கொஞ்சம் நின்று அந்தப் பழைய மரங்களின் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். அவற்றில் பல கித்தா மரங்கள். தழும்பு தெரிகிறதா? அது உளி போட்ட தழும்பு. நீங்கள் நடக்கிற இடம் ஒரு காலத்தில் புக்கிட் கியாரா தோட்டம். தமிழ்த் தொழிலாளிகள் விடியும் முன்னே பெரட்டுக்கு நின்று, மங்கு கட்டி, வாளி தூக்கி நடந்த நிரைகள் அவை.

அந்தத் தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இன்று அந்த நிலத்தில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது, குதிரையேற்ற மன்றம் இருக்கிறது. பால் வெட்டியவர்களுக்கு என்ன கிடைத்தது? 1982-ல் அவர்களைப் பக்கத்தில் 'ரூமா பாஞ்சாங்' என்ற நீள வீடுகளில் குடியேற்றினார்கள். தற்காலிகம் என்றார்கள். நிரந்தர வீடு வரும் என்றார்கள். தோழர்களே, அந்தத் தற்காலிகம் 40 ஆண்டுகளைத் தாண்டியது! ஏறக்குறைய 100 குடும்பங்கள். குழந்தையாக உள்ளே போனவன் பேரன் பேத்தி எடுத்துவிட்டான்.

பிறகு வந்தது அடுத்த கூத்து. பக்கத்தில் இருக்கும் தாமான் ரிம்பா கியாரா பொதுப் பூங்காவில் 42 மாடி முதல் 54 மாடி வரையிலான 8 சொகுசு அடுக்ககக் கட்டடங்களுக்கு 2017-ல் அனுமதி கொடுக்கப்பட்டது. நீள வீட்டு மக்களின் பெயரைச் சொல்லி, கூடவே ஒரு கட்டுப்படி விலை வீடமைப்பும் சேர்க்கப்பட்டது. பூங்காவைக் காக்க தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் வழக்குப் போட்டார்கள். நீள வீட்டு மக்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டானது. பாவம், மழை பெய்தால் ஒழுகுகிற வீட்டில் இருப்பவனிடம் 'உனக்கு வீடு வேண்டுமா, பூங்கா வேண்டுமா' என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்?

2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. பூங்கா தப்பியது. நல்ல தீர்ப்பு, பொது நிலம் பொதுவுக்கே இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த நாளிலும் தோட்டத்துக் குடும்பங்கள் நீள வீட்டில்தான் இருந்தன. மரம் பிழைத்தது. மரத்தை நட்டவனுக்கு வீடு வரவில்லை.

வீட்டையும் பூங்காவையும் எதிரெதிராக நிறுத்தியதே முதல் சூழ்ச்சி. கோல்ஃப் ஆடுவதற்கு நிலம் கிடைத்தது. குதிரை ஓடுவதற்கு நிலம் கிடைத்தது. 100 குடும்பத்துக்கு மட்டும் பூங்காவை வெட்டினால்தான் நிலம் கிடைக்குமாம்! இதை நம்ப நாம் என்ன ஆயாக் கொட்டகைக் குழந்தைகளா?

'சோற்றுக்கே வழியில்லை, இதெல்லாம் எதற்கு?'

சில அண்ணன்மார் கேட்பார்கள்: 'சம்பளம் பத்தவில்லை, வாடகை ஏறுகிறது, பிள்ளைக்கு அடையாள அட்டைப் பிரச்சினை. இதில் சாப்பாட்டுக் கதையும் மேளக் கதையும் எதற்கு?'

நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். ஓர் இடத்தின் கதையில் யார் பெயர் இருக்கிறதோ, அவனை அந்த இடத்திலிருந்து சுலபமாகத் தூக்க முடியாது. கதையில் பெயர் இல்லாதவனைப் 'புறம்போக்கில் குடியிருக்கிறான்' என்று ஒரே வரியில் எழுதி, அடுத்த மாதம் மண்வாரி இயந்திரத்தை அனுப்பிவிடலாம்.

2011-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டு எம்.ஆர்.டி. ரயில் பாதைக்காக பெட்டாலிங் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஜாலான் சுல்தான் கடைகளின் நிலத்தை எடுக்க அரசாங்கம் முனைந்தது. உடனே என்ன நடந்தது? கடைக்காரர்கள், கலைஞர்கள், மாணவர்கள் எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள். 'இது எங்கள் நகரத்தின் பிறந்த இடம்' என்றார்கள். தெருவின் சரித்திரத்தை எல்லா மொழியிலும் எழுதினார்கள். சில கட்டடங்கள் போயின. ஆனாலும் கடைவரிசையின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. பேரம் பேச அவர்களிடம் கதை இருந்தது.

அதே 2011-ல் அதே கோலாலம்பூரில் புக்கிட் ஜாலில் தோட்டத்தின் 41 குடும்பங்கள் வெளியேற்றத்தை எதிர்த்து நின்றன. உழைத்த மண்ணில் 4 ஏக்கர் கேட்டார்கள். எத்தனை பேர் கூட நின்றார்கள்? எத்தனை நடைச் சுற்றுலாக்காரர்களுக்கு அந்தத் தோட்டத்தின் பெயர் தெரியும்?

2025-ஐ மட்டும் மறக்க முடியுமா? மஸ்ஜித் இந்தியா பகுதியில் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில். நூறாண்டுக்கும் மேற்பட்ட பழைமை என்று சொல்லப்படும் கோயில் நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014-ல் ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றிருக்கிறது. 11 ஆண்டு கழித்து, கோயில் இடம் மாற வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் நாடே விழித்துக்கொண்டது. விற்ற அன்று அந்தக் கோயிலின் கதை எந்தப் பதிவேட்டில் இருந்தது? இருந்திருந்தால் கேட்காமல் விற்றிருப்பார்களா?

பண்பாடு என்பது மேடையில் ஆடும் ஆட்டம் மட்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நமக்கு அது நிலப் பட்டா மாதிரி.

நம் மலாக்காவிலேயே பாடம் இருக்கிறது

கே.எல். வரை போவானேன்? 2008 ஜூலையில் மலாக்கா நகரம் யுனெஸ்கோ மரபுடைமை நகரமானது. ஜாலான் துக்காங் எமாசில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் 1781-ல் எழுந்தது. அதை வைத்திருப்பவர்கள் மலாக்கா செட்டிகள். அவர்கள் வீட்டில் பேசுவது மலாய். தமிழ் கைவிட்டுப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் பொங்கலுக்கு முந்திய நாள் முன்னோர்க்கு வாழை இலையில் 'பர்ச்சு' படைப்பதை இன்றும் விடவில்லை. காஜா பெராங் கம்போங் செட்டியில் மாரியம்மனுக்கு ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறார்கள். கையளவுக் கூட்டம்! பிடித்ததை விடாததால் உலகம் அவர்களைத் தேடி வருகிறது.

சுங்கை பாரு தோட்டத்தில் பிறந்த நமக்குத் தமிழ் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது, கோயில் இருக்கிறது. நம் கடற்கரைக் கருவாட்டையும், செம்பனைக்கு நடுவே பறித்த கீரையையும், ஒட்டுப்பால் பொறுக்கிய கதையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தோமா? தோட்டத்துப் பிரிவுகளுக்கு நம் தாத்தாமார் வைத்த பெயர்களாவது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

என்ன செய்வது?

புலம்பி முடித்தால் போதாது. ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

1. இந்தப் பொங்கலுக்குள் வீட்டில் இருக்கும் மூத்தவரை உட்காரவைத்துக் கைப்பேசியில் ஒரு மணி நேரம் பேசவையுங்கள். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன சாப்பிட்டார்கள், எந்தச் சாமி, யார் மேளம் அடித்தார் என்று கேளுங்கள். பழைய படங்களின் பின்னால் பெயரும் ஆண்டும் எழுதுங்கள்.

2. கே.எல்-லில் இருக்கும் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தங்கையை புக்கிட் கியாராவுக்கு அழைத்துப் போங்கள். உளித் தழும்பைக் காட்டுங்கள். பால் எப்படி வெட்டினார்கள் என்று சொல்லிக் கொடுங்கள். தெரியாவிட்டால் அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

3. கோயில் தலைவர்மார்களே, நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே நில அலுவலகத்தில் பாருங்கள். உறுமிப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தாதீர்கள்; உள்ளே கூப்பிட்டு வகுப்பு நடத்துங்கள்.

4. தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 (சட்டம் 645) நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஓர் இடத்தையோ பொருளையோ கலையையோ தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி யார் வேண்டுமானாலும் அமைச்சரிடம் முன்மொழியலாம். பெரிய மனிதர் சிபாரிசு தேவையில்லை. தோட்டத்து லயம், தீமிதித் திடல், உறுமி மேளம் ஆகியவற்றுக்கு மனு எழுதுவோம். எழுதத் தெரிந்த பிள்ளை எழுதட்டும், மற்றவர்கள் கையெழுத்துப் போடட்டும்.

5. ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், அவர் எந்தக் கட்சியானாலும், இரண்டே கேள்வி கேளுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்களுக்கு எத்தனை வீடு கட்டிக் கொடுத்தீர்கள்? ஒட்டுக்கடை அக்காவுக்கு எப்போது லைசென்ஸ் கொடுப்பீர்கள்? சால்வையும் மிட்டாய்ப் பொட்டலமும் பதிலாகாது.

கண்டோனீஸ் பேசும் அந்த நகரத்தை நம் பிள்ளைகள் தாராளமாகக் கண்டறியட்டும். வான்தான் மீ சாப்பிடட்டும், சிங்க நடனம் பார்த்துக் கைதட்டட்டும், குன்றில் ஏறட்டும். ஆனால் ஏறும்போது யார் நிரையில் நடக்கிறோம் என்று தெரிந்து ஏறட்டும். பக்கத்தில் நடக்கிற சீனத் தோழனுக்கும் மலாய்த் தோழனுக்கும் அதைச் சொல்லட்டும். நாம் வாய் திறக்காவிட்டால் அந்தக் குன்றில் கித்தா மரம் தானாக முளைத்தது என்றே நாளைக்கு எழுதி வைப்பார்கள்!

தோட்டத்து மகன்,
கோலா சுங்கை பாரு